கடன் என்று சொன்னவரே கணக்குக் காட்டட்டும்: ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' வரலாறு

களப்பணிக்கு வரும் இளம் தோழர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "மேல்முறையீடு போட்டிருக்கோம், பார்க்கலாம்." மேல்முறையீடு நம் உரிமை. அதைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் மேல்முறையீட்டில் மக்கள் வென்றுகொண்டே இருந்தும், அந்த வெற்றிகள் எதையும் மாற்றாமல் நான்கு ஆண்டுகள் ஓடிய வரலாறு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015-க்கும் 2019-க்கும் இடையே நடந்தது அது. அரசு ஒவ்வொரு வழக்காகத் தோற்றது. திட்டம் மட்டும் தோற்கவில்லை. அது எப்படி என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நலத்திட்டப் பணத்தை "திருப்பிக் கட்டு" என்று கேட்கும் அறிவிப்பு எந்த நாட்டில் வந்தாலும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தான் வருகிறது.

வேலையில்லாத காலத்தில் உதவித்தொகை வாங்கியவர்களுக்கு, பல ஆண்டுகள் கழித்து, "நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், இவ்வளவு டாலர் பாக்கி" என்று அரசு கடிதம் அனுப்பியது. கணக்கைப் போட்டது கணினி. அதனால் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரோபோடெட்', அதாவது எந்திரம் போட்ட கடன். பின்னாளில் நீதிமன்றப் பதிவின்படி, சுமார் 4,33,000 பேர்மீது குறைந்தது 176.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் இப்படி ஏற்றப்பட்டது. அதில் சுமார் 75.1 கோடி டாலர் ஏறத்தாழ 3,81,000 பேரிடமிருந்து வசூலிக்கவும் பட்டது. அந்தக் கடனுக்குச் சட்ட அடிப்படையே இல்லை.

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை

கதையைக் கணினியிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் வேலையின்மை, நோய்க்கால உதவித்தொகைச் சட்டத்தை நிறைவேற்றியது 1944-இல். 1945 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்து, நிவாரண வரிசைகளில் நின்ற தொழிலாளர்களின் நினைவு அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்தும் காப்பீடாக அது அமையவில்லை. பொது வரிப்பணத்திலிருந்து கொடுக்கப்படும் உரிமையாக அமைந்தது.

அந்த உரிமை அந்த மண்ணின் தொல்குடி மக்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு தொல்குடி மனிதரின் குணம், அறிவுத்தரம், சமூக வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து, இவருக்குக் கொடுக்கலாம் என்று தலைமை இயக்குநர் மனநிறைவு அடைந்தால் மட்டுமே அவருக்கு உதவித்தொகை. வெள்ளைத் தொழிலாளிக்கு வேலை இல்லை என்பதே தகுதி. தொல்குடித் தொழிலாளிக்கு நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. 1959-இல் செய்த திருத்தம் பெரும்பாலானோரை உள்ளே கொண்டுவந்தது. அப்போதும் 'நாடோடியாக' வாழ்பவர்கள் விலக்கப்பட்டார்கள். அந்த விலக்கு நீங்கியது 1966-இல். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கவே போராட வேண்டியிருந்த நம் மக்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

உதவி மறுக்கப்பட்டது ஒருபக்கம். உழைத்துச் சம்பாதித்த கூலியும் கைக்கு வரவில்லை என்பது இன்னொரு பக்கம். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1897-இல் கொண்டுவரப்பட்ட 'பாதுகாப்பு'ச் சட்டத்தின் கீழ், கால்நடைப் பண்ணைகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வேலை செய்த தொல்குடி மக்களின் கூலியில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போகாமல் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கணக்குகளுக்குப் போனது. உள்ளூர் காவல்துறை அதிகாரியே பெரும்பாலும் 'பாதுகாவலர்'. சொந்தப் பணத்தில் ஒரு சட்டை வாங்க வேண்டுமென்றாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். 1970-களின் தொடக்கம் வரை ஏதோ ஒரு வடிவத்தில் இது நீடித்தது. வரலாற்றாசிரியர் ரோசாலிண்ட் கிட் அரசுக் கோப்புகளைத் தோண்டி எடுத்து இதை வெளியே கொண்டுவந்தார்.

அந்தக் கூலியைத் திருப்பிக் கேட்டபோது என்ன நடந்தது? 2002-இல் குயின்ஸ்லாந்து அரசு 5.54 கோடி டாலர் ஒதுக்கியது. ஒருவருக்கு அதிகபட்சம் 4,000 டாலர். வாங்கிக்கொண்டால் இனி வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பலர் அதை ஏற்கவில்லை. கூட்டு வழக்கு தொடர்ந்து, 2019-இல் 19 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் உழைத்தவர்களில் எத்தனையோ பேர் இறந்து போயிருந்தார்கள்.

அரசு மக்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு, மக்கள்தான் ஆவணம் தேடி அலைந்தார்கள். மக்கள் அரசுக்குக் கொடுக்க வேண்டியதாகச் சொல்லப்பட்ட பணத்துக்கும், மக்கள்தான் ஆவணம் தேடி அலைந்தார்கள். ரோபோடெட் தொல்குடி மக்களை மட்டும் குறிவைத்த திட்டம் அல்ல. தற்காலிக வேலை, பகுதிநேர வேலை செய்த எல்லா ஏழைகளும், மாணவர்களும் அதில் சிக்கினார்கள். ஆனால் ஆவணத்தை யாரிடம் கேட்பது என்ற பழக்கம் அந்த நாட்டு அதிகாரவர்க்கத்துக்குப் புதிதல்ல.

26-ஆல் வகுத்த கணக்கு

வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு அப்போது 'நியூஸ்டார்ட்' என்று பெயர். அதை வழங்கிய அரசு அலுவலகம் 'சென்டர்லிங்க்'. உதவி பெறுபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் வேலை கிடைத்து வருமானம் வந்திருந்தால் உதவி குறையும். அடுத்த இரண்டு வாரம் வேலை இல்லையென்றால் முழு உதவி. சட்டப்படி கணக்கின் அலகு இரண்டு வாரம்.

வருமான வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். ரோபோடெட் செய்தது இவ்வளவுதான்: ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்தது. வந்த சராசரியை ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் உண்மையான வருமானம் என்று வைத்துக்கொண்டது. அவர் முன்பு சொன்ன வருமானத்தோடு அது பொருந்தவில்லையென்றால் கடன்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒருவர் முதல் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். அதாவது இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர். பிறகு வேலை போகிறது. அடுத்த ஆறு மாதம் வருமானம் பூஜ்யம். உதவித்தொகை வாங்குகிறார். பூஜ்யம் என்று உண்மையைத்தான் சொல்கிறார். கணினி 26,000-ஐ 26-ஆல் வகுக்கிறது. இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர். வேலையில்லாத ஆறு மாதமும் அவர் இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் சம்பாதித்து மறைத்ததாக முடிவாகிறது. வாங்கிய உதவியில் பெரும்பகுதி 'கடன்'.

ஆண்டு முழுவதும் ஒரே சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியருக்கு இந்தச் சராசரி சரியாக இருக்கும். ஆனால் அவர் வேலையின்மை உதவி வாங்கவே மாட்டார். வேலை வந்தும் போயும் இருப்பவர்தான் வாங்குவார். அவருக்கு இந்தக் கணக்கு எப்போதுமே பொருந்தாது. எந்த மக்களுக்காக உதவி இருக்கிறதோ, அந்த மக்களின் வாழ்க்கைக்கே பொருந்தாத கணக்கு.

இதற்கு முன்பும் வரித்துறைத் தரவோடு ஒப்பிடும் பழக்கம் இருந்தது. அப்போது வேறுபாடு தெரிந்தால் ஓர் ஊழியர் கோப்பைப் பார்ப்பார். வேலை கொடுத்த நிறுவனத்திடம் சம்பள விவரம் கேட்பார். அப்படிக் கேட்கச் சட்டத்தில் அதிகாரம் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரிடம் இப்படி விசாரணை நடந்தது. 2016 செப்டம்பரில் புதிய முறை முழு வேகம் பிடித்ததும் வாரத்துக்கு 20,000 கடிதங்கள் போயின. மனிதர் பார்ப்பது நின்றது. நிறுவனத்திடம் கேட்பதும் நின்றது.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

கடன் இருக்கிறது என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். கடைக்காரராக இருந்தாலும் வங்கியாக இருந்தாலும் இதுதான் விதி. ரோபோடெட் இதைத் தலைகீழாக்கியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த உணவகத்தின், கடையின், தோட்டத்தின் சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு கடிதம் பெற்றவரிடம் தள்ளப்பட்டது. அந்த நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம். முதலாளி சீட்டே கொடுக்காதவராக இருந்திருக்கலாம். வீடு மாறியவருக்குக் கடிதமே போகாமல் இருந்திருக்கலாம். பதில் வரவில்லையென்றால் கணினி தன் சராசரியையே இறுதி என்று எடுத்துக்கொண்டது. பலருக்கு அதற்கு மேல் 10 சதவீதம் வசூல் கட்டணமும் ஏற்றப்பட்டது. தனியார் கடன் வசூல் நிறுவனங்களிடம் பெயர்ப் பட்டியல் போனது. வருமான வரியில் திரும்ப வர வேண்டிய பணம் பிடித்துவைக்கப்பட்டது. பழைய கடனை வசூலிப்பதற்கு இருந்த ஆறு ஆண்டு கால வரம்பையும் 2016-இல் வந்த சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது.

மக்கள் மனதில் இன்னொன்றும் விதைக்கப்பட்டது. 2015 தொடக்கத்தில் சமூக சேவைத் துறை அமைச்சரான ஸ்காட் மோரிசன், உதவித்தொகை விஷயத்தில் தன்னை ஒரு காவலராகக் காட்டிக்கொண்டார். 2016 டிசம்பரில் மனித சேவைத் துறை அமைச்சர் ஆலன் டட்ஜ் தொலைக்காட்சியில் தோன்றி, கண்டுபிடிப்போம், பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், சிறைக்கும் போக நேரலாம் என்ற பொருளில் பேசினார். உதவி வாங்குபவர் என்றாலே திருடர் என்ற எண்ணம் ஏற்கெனவே ஊறிய சமூகத்தில், இந்தப் பேச்சு என்ன செய்யும்? கடிதம் வந்ததை வீட்டில்கூடச் சொல்லாமல், தவணை போட்டுக் கட்டியவர்கள் ஏராளம். தாங்கள் தவறு செய்யவில்லை என்று தெரிந்தும் கட்டினார்கள்.

2017 ஜனவரியில் உதவி கேட்டுச் சமூக ஊடகத்தில் எழுதியவர்களுக்குச் சென்டர்லிங்க் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைப் பதிலாகக் கொடுத்தது. மகன்களை இழந்த தாய்மார்கள் பின்னர் விசாரணை ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். கடன் கடிதங்களுக்கும் அந்த இளைஞர்களின் சாவுக்கும் இருந்த தொடர்பை நாடு அப்போதுதான் முழுமையாகக் கேட்டது.

தோற்றுக்கொண்டே வென்ற அரசு

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. முதலில் துறைக்குள்ளேயே மறுஆய்வு. பிறகு நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதிலும் இரண்டு படிகள். அதற்கு மேல் கூட்டாட்சி நீதிமன்றம். ஏட்டில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

2017 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் முதல் படியில் ஒரு வழக்கு வந்தது. விசாரித்தவர் டெரி கார்னி. சமூகப் பாதுகாப்புச் சட்டப் பேராசிரியர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பாயத்திலும் அதன் முன்னோடி அமைப்புகளிலும் பணியாற்றியவர். சராசரியை வைத்துக் கடன் இருப்பதாக முடிவு செய்யச் சட்டத்தில் இடமில்லை, நிரூபிக்கும் பொறுப்பு துறையினுடையது என்று அவர் தீர்ப்பளித்தார். அடுத்தடுத்த வழக்குகளிலும் அதையே சொன்னார்.

துறை என்ன செய்திருக்க வேண்டும்? தீர்ப்பு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். சரி என்று நினைத்தால் திட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அந்த ஒருவரின் கடனை மட்டும் ரத்து செய்தது. மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது.

இது எப்படி முடிந்தது என்றால், அப்போது முதல் படித் தீர்ப்புகள் வெளியிடப்படவில்லை. விசாரணை மூடிய அறையில். தனிமனிதரின் அந்தரங்கம் காக்க ஏற்பட்ட விதி அது. இரண்டாம் படிக்கு வழக்கு போனால் தீர்ப்பு வெளியாகும், செய்தியாகும், முன்னுதாரணமாகும். துறை மேல்முறையீடு செய்யாததால் அந்த வாசல் திறக்கவே இல்லை. ஒரு வழக்கில் வென்றவருக்கு, தன்னைப் போலவே இன்னொருவர் வென்றார் என்பது தெரியாது. அடுத்த மாதம் கடிதம் பெற்றவருக்கு இருவரையும் தெரியாது. ஆயிரம் வெற்றிகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனியாகப் புதைந்தது. டெரி கார்னியின் பதவிக்காலம் அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. 2018-இல் அவர் தன் சட்ட வாதத்தைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அப்போதுதான் வெளியே இருந்தவர்களுக்கு உள்ளே நடந்தது புரிந்தது.

துறைக்கு இது சட்டவிரோதம் என்று தெரியாதா? 2014-ஆம் ஆண்டிலேயே சமூக சேவைத் துறையின் சொந்த வழக்கறிஞர்கள் எச்சரித்திருந்தார்கள். இப்படிச் சராசரி போடுவது சட்டத்துக்குப் பொருந்தாது, செய்ய வேண்டுமானால் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். அமைச்சரவைக்குப் போன முன்மொழிவில் அந்த எச்சரிக்கை காணாமல் போனது. அலுவலகத்தில் கோப்பு பார்த்த கடைநிலை ஊழியர்களிலும் சிலர் மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

தனித்தனிக் கடிதங்கள் ஒன்று சேர்ந்தபோது

2016 டிசம்பர் கடைசியில் 'இது என் கடன் அல்ல' என்ற பொருள்படும் முழக்கத்தோடு சமூக ஊடகத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஓர் இணையப் பக்கம் அமைத்து, கடிதம் பெற்றவர்களின் கதைகளைப் பெயர் வெளியிடாமல் சேகரித்தார்கள். வெட்கப்பட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தவர், தன் கதையே நூறு பேருக்கு நடந்திருப்பதை முதன்முறையாகப் பார்த்தார். தவறு தன்னிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. 2017-இல் நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரணை நடத்தியது. திட்டம் நிற்கவில்லை. ஆனால் சாட்சியங்கள் பதிவாயின. பின்னால் வந்தவர்களுக்கு அவை கருவியாயின.

2019 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலச் சட்ட உதவி அமைப்பு, ஒரு செவிலியரின் சார்பில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. துறை அதற்கும் பழைய தந்திரத்தையே கையாண்டது. வழக்கு விசாரணைக்கு வருமுன் அவருடைய கடனைத் திரும்பக் கணக்கிட்டு, ஒன்றுமில்லை என்று ஆக்கியது. கடன் இல்லையென்றால் வழக்கும் இல்லை என்பது நோக்கம்.

வழக்கறிஞர்கள் விடவில்லை. அதே ஆண்டு ஜூனில் இரண்டாவது வழக்கு. இந்த முறை மெல்போர்னைச் சேர்ந்த ஓர் இளம்பெண். மாணவியாக இருந்தபோது வாங்கிய உதவித்தொகைக்காக அவருடைய வரித்திரும்பப் பணம் முழுவதும் பிடிக்கப்பட்டிருந்தது. துறை இங்கேயும் திரும்பக் கணக்குப் போட்டது, பணத்தைக் கொடுக்க முன்வந்தது. ஆனால் பிடித்துவைத்த பணத்துக்கு வட்டி வேண்டும், பிடித்ததே சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. வட்டி சில பத்து டாலர்கள்தான். அந்தச் சில டாலர்கள் வழக்கை உயிரோடு வைத்திருந்தன.

2019 நவம்பர் 27-இல் அரசு இறங்கி வந்தது. சராசரியை மட்டும் வைத்துக் கடன் இருப்பதாக முடிவு செய்ய இயலாது, அந்தக் கடன் கோரிக்கை செல்லாது என்ற நீதிமன்ற ஆணைக்கு ஒப்புக்கொண்டது. அதற்குச் சில நாள் முன்பே சராசரியை மட்டும் வைத்துக் கடன் ஏற்றுவதைத் துறை நிறுத்தியிருந்தது. 2017-இல் டெரி கார்னி சொன்னதும் 2019-இல் நீதிமன்றம் சொன்னதும் சாரத்தில் ஒன்றுதான். முதலாவது பூட்டிய அறையில் இருந்தது. இரண்டாவது ஊரறிய வந்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக நகர்ந்தது. 2020 மே மாதத்தில் 4,70,000 கடன்களுக்கு வாங்கிய 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. கார்டன் லீகல் என்ற சட்ட நிறுவனம் நடத்திய கூட்டு வழக்கு 2020 நவம்பரில் உடன்பாட்டுக்கு வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன்களை ரத்து செய்வதோடு 11.2 கோடி டாலர் கூடுதலாகத் தர அரசு ஒப்புக்கொண்டது. 2021 ஜூனில் அந்த உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்த நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி, பொது நிர்வாக வரலாற்றில் இது வெட்கக்கேடான அத்தியாயம் என்று பதிவு செய்தார். 2025 செப்டம்பரில் மேலும் 47.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு அரசு ஒப்புக்கொண்டது.

2022-இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்துக்குக் குயின்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமை வகித்தார். 2023 ஜூலை 7-இல் வெளியான அறிக்கை, இந்தத் திட்டம் நியாயமும் இல்லாத, சட்டமும் இல்லாத கொடுமை என்ற முடிவுக்கு வந்தது. 57 பரிந்துரைகள். அவற்றில் இரண்டை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கடனை வசூலிக்க ஆறு ஆண்டு வரம்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்று. சட்டக் கேள்விகளைத் தீர்மானிக்கும் முதல் படித் தீர்ப்புகளையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. எந்தப் பூட்டைப் போட்டு அரசு நான்கு ஆண்டுகள் ஓட்டியது என்பதை ஆணையம் சரியாகவே அடையாளம் கண்டது.

ஆஸ்திரேலியா மட்டுமல்ல

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 அக்டோபர் முதல் 2015 வரை வேலையின்மை உதவியில் 'மோசடி' கண்டுபிடிக்க ஒரு கணினி ஓடியது. சுமார் 40,000 பேர் மோசடிக்காரர்கள் ஆனார்கள். வாங்கிய உதவியைப் போல நான்கு மடங்கு அபராதம். பின்னர் மறுஆய்வு செய்தபோது, மனிதர் பார்க்காமல் கணினி மட்டும் முடிவு செய்தவற்றில் 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. தங்களுக்கு நேர்ந்ததற்காக மக்கள் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 2022-இல்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாக்கப்பட்டு, பல்லாயிரம் யூரோ திருப்பிக் கேட்கப்பட்டது. வெளிநாட்டுப் பூர்வீகம் கொண்டவர்கள் அதிகம் சிக்கினார்கள். 2021 ஜனவரியில் அந்த விவகாரத்தால் அரசே பதவி விலகியது. எந்த நாடாக இருந்தாலும் சந்தேகம் முதலில் யார்மீது விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

கணக்கு நோட்டு யார் கையில்?

நம் மண்ணில் இந்தக் கேள்வி பழையது. பண்ணையாரின் கணக்கு நோட்டை நம் பாட்டன்மார் பார்த்ததில்லை. எவ்வளவு முன்பணம் வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்பது அவர் சொல்வதுதான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருந்து மீட்கப்படும் குடும்பங்கள் இன்றும் இதையே சொல்கின்றன. கடன் இருக்கிறது என்பவரே கணக்கை வைத்திருப்பார். கடன் இல்லை என்பவர் நிரூபிக்க வேண்டும். கொத்தடிமைத்தனத்தின் அச்சாணியே அதுதான்.

அதை உடைத்தது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம். அதன் 15-ஆவது பிரிவை மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. 1983-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே திசையில் மேலும் நடந்தது. கட்டாய உழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால், அது முன்பணத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும் என்றது. அரசு கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதிலும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மாசிஹ் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களுக்கு அரசின் தவறால் கூடுதலாகப் போன சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. அந்தப் பாதுகாப்பு ஊழியர்களுக்கானது, நலத்திட்டம் பெறுபவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் எளியவர்களிடமிருந்து பிடுங்குவதில் உள்ள அநீதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தர்க்கம் அதில் இருக்கிறது.

எனவே, திருப்பிக் கட்டு என்ற அறிவிப்போடு யாராவது நம்மிடம் வந்தால் எங்கே தொடங்குவது?

முதலில், கணக்கை எழுத்தில் கேட்க வேண்டும். எந்த மாதத்துக்கு, எந்த விதியின் கீழ், எப்படி இந்தத் தொகை வந்தது என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கணக்கு வராமல் ஒரு தவணையும் ஒப்புக்கொள்ளச் சொல்லக் கூடாது. பயந்துபோய் முதல் தவணை கட்டுவது கடனை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் காட்டப்படும்.

இரண்டாவது, கால வரம்புக்குள் மேல்முறையீடு. வாய்மொழியாகக் கொடுத்த உறுதி எதுவும் வரம்பை நிறுத்தாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

மூன்றாவதுதான் இந்த வரலாறு நமக்குச் சொல்வது. ஒரு வழக்கில் வென்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது. "உங்களுக்கு மட்டும் ரத்து செய்கிறோம்" என்று அதிகாரி சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு அது நிம்மதி. அந்த நிம்மதியை நாம் மறுக்கவே முடியாது. ஆனால் அந்த ரத்து ஆணையின் நகல் நம்மிடம் இருக்க வேண்டும். என்ன காரணத்தால் ரத்து என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதே அறிவிப்பு அடுத்த தெருவில் யாருக்கு வந்திருக்கிறது என்று அந்த வாரமே விசாரிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரின் பெயரை மறைத்து, தேதியையும் காரணத்தையும் ஒரு நோட்டில் பதிந்து வைக்க வேண்டும். பத்துப் பதிவு சேர்ந்தால் அது ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோகக் கூடிய பொருள்.

ஆஸ்திரேலியாவில் நான்கு லட்சம் பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போனது. ஒருவர் கடிதத்தை இன்னொருவர் பார்க்காதவரை அரசுக்குக் கவலையே இல்லாமல் இருந்தது. நம் கிராமங்களில், சேரிகளில், விடுதிகளில் அறிவிப்பு வந்தால் அதை மறைக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அறிவிப்போடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.